கடலுக்குக் கூண்டு உண்டு, மலைக்கு?

தமிழ்நாடு மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு,

வணக்கம்.

கடலூர்க்காரன் ஒருவன் மலையிலிருந்து கல் உருளும் ஆபத்தைப் பற்றி மடல் எழுதுகிறான் என்று எழிலகத்து உங்கள் அலுவலகத்தில் யாராவது சிரித்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். எங்கள் ஊரில் மலை என்று பெயர் வாங்கியிருப்பது கேப்பர் மலை ஒன்றுதான். செம்மண்ணும் மணற்கல்லுமான ஒரு மேடு, அதன்மேல் மத்தியச் சிறை. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அது மலை என்று நாங்களாகச் சொன்னால்தான் உண்டு. ஆனாலும் சரிவைக் கணக்கிடுவது என் பிழைப்பு. தோண்டிய பள்ளத்தின் ஓரம் எவ்வளவு செங்குத்தாக நிற்கும், எவ்வளவு தண்ணீர் ஏறினால் சரியும் என்று கணினியில் ஓட்டிப் பார்த்துச் சம்பளம் வாங்குகிற கட்டுமானப் பொறியாளன் நான். நெய்வேலிச் சுரங்கம் இருக்கிற மாவட்டத்தில் இது ஒன்றும் அபூர்வமான தொழில் அல்ல.

திருவண்ணாமலையும் எங்களுக்கு வெளியூர் அல்ல. கடலூர்–சித்தூர் சாலையில் நெல்லிக்குப்பம், பண்ருட்டி, திருக்கோவிலூர் என்று போய்க்கொண்டே இருந்தால் அந்த மலையடிவாரத்தில் போய் இறங்கலாம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் சிறப்புப் பஸ்கள் ஓடுகின்றன. செஞ்சி வழியாகப் போகிற புதுச்சேரிக்காரர்கள், குண்டுக்கற்கள் குவிந்து கிடக்கும் குன்றுகளை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே போகிறார்கள். அந்தக் கற்கள் எதன்மேல் நிற்கின்றன என்று யோசிக்கிறவர்கள் அந்தப் பஸ்ஸில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. மறுநாள் மாலை, அதே புயலின் மழையில், திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் இறங்கி ஒரு வீட்டை மூடின. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் பிள்ளைகள். அதற்கும் மறுநாள் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணை எங்கள் மாவட்டத்து ஊர்களுக்குள் புகுந்தது. புயலுக்கு எச்சரிக்கை இருந்தது. வெள்ளத்துக்கும், அது போதுமானதா இல்லையா என்ற வாதம் ஒருபுறம் இருக்க, எச்சரிக்கை இருந்தது. நடுவில் நடந்ததற்கு எச்சரிக்கை செய்கிற அமைப்பு என்று ஒன்று இருக்கவில்லை.

எந்தக் கல் எங்கிருந்து கிளம்பி எவ்வளவு தூரம் உருளும் என்று கணினி மாதிரிகளைக் கொண்டு கணிக்கிற வேலை இனித் தமிழ்நாட்டு மலைகளில் நடக்கும், நடந்துதான் ஆக வேண்டும். அதை எதிர்த்து நான் எழுதவில்லை. கணிப்பு முடிந்த பிறகு அது யார் கைக்கு எந்த உருவத்தில் போய்ச் சேரும் என்பதுதான் என் கவலை. தெருவாரியாக, தமிழில், அடிப்படை எண்களோடு எல்லோரும் பார்க்கும்படி அதை வெளியிடுங்கள். மழைநாளில் அந்தத் தெருக்காரர்கள் செய்யக்கூடிய ஒரு காரியமாக அதை மாற்றிக் கொடுங்கள். இவை இரண்டும் நடக்காவிட்டால் மாதிரிக்குச் செலவழிக்கும் பணம், அறிக்கைக்கு அட்டை போட்ட செலவாகத்தான் முடியும்.

எங்கள் துறைமுகத்துக் கூண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் கூம்பும் உருளையுமாகக் கம்பத்தில் தொங்கும். இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள் எரியும். 1 என்றால் தொலைவில் எங்கோ ஒன்று உருவாகியிருக்கிறது. 10 என்றால் பெரும் அபாயம். நடுவில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பொருள் உண்டு. வானிலை மையத்தின் கணினி எத்தனை சமன்பாடுகளைத் தீர்த்தது என்று தேவனாம்பட்டினத்தில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. இந்த எண்ணுக்குப் படகை மேலே ஏற்ற வேண்டும், இந்த எண்ணுக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கடைசியில் 11ஆம் எண் ஒன்று இருக்கிறது. அதற்குப் புயலின் அளவோடு சம்பந்தமே இல்லை. எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். அதை யோசித்துச் சேர்த்தவர் யாராக இருந்தாலும் அவர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. தன்னிடம் தகவல் இல்லை என்பதையே ஓர் எச்சரிக்கையாகக் கம்பத்தில் ஏற்றலாம் என்று நினைக்க ஓர் அரசாங்க மனிதருக்கு நிறையத் துணிச்சல் வேண்டும்.

இனி மாதிரியைப் பற்றி. பாறை உருளலைக் கணிக்கும் மென்பொருள்கள் நேற்று வந்தவை அல்ல. அமெரிக்காவின் கொலராடோ மாநில நெடுஞ்சாலைகளுக்காக எழுதப்பட்ட நிரல் ஒன்று 1980களிலேயே வந்துவிட்டது. கனடாவின் ராக்ஃபால், சுவிட்சர்லாந்தின் ராம்ஸ் எல்லாம் இன்று பொறியாளர்கள் அன்றாடம் புழங்குகிறவை. சரிவின் உயரத் தரவைக் கொடுக்க வேண்டும். எந்த இடத்திலிருந்து எவ்வளவு பெரிய கல் கிளம்பும் என்று சொல்ல வேண்டும். எங்கே வெறும் பாறை, எங்கே மண், எங்கே மரம் என்று தரையைப் பிரித்துக் காட்ட வேண்டும். பிறகு கணினி அந்தக் கல்லை ஆயிரக்கணக்கான தடவை உருட்டிவிடுகிறது. கிளம்பும் வேகத்தையும் தரையின் தன்மையையும் தடவைக்குத் தடவை கொஞ்சம் மாற்றிக்கொள்கிறது. கல் காற்றில் பாய்கிறது, மோதுகிறது, எழும்புகிறது, உருள்கிறது, எங்கோ நிற்கிறது. நூறில் எத்தனை கற்கள் சாலையைத் தொட்டன, எத்தனை கற்கள் வீட்டுச் சுவர் வரை வந்தன, என்ன வேகத்தில் வந்தன என்பதுதான் விடை.

இந்த விடை ஒரு சின்ன எண்ணில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதை வெளியில் யாரும் சொல்வதில்லை. தரையில் மோதிய கல், மோதிய வேகத்தில் எத்தனை பங்கோடு மறுபடி எழும்பும் என்ற விகிதம் அது. நாங்கள் துள்ளல் எண் என்போம். கடினமான வெறும் பாறைக்கு 0.5 அளவிலும், செடி மூடிய மண்ணுக்கு 0.3 அளவிலும் வைப்பது வழக்கம். மென்பொருளோடு ஓர் அட்டவணையே வரும், அதிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். அந்த அட்டவணையில் உள்ளவை பெரும்பாலும் வேறு நாட்டுச் சரிவுகளில் கிடைத்த எண்கள். ஐப்பசியில் ஊறிக் கிடக்கும் மண்ணும் சித்திரையில் வெடித்துக் கிடக்கும் மண்ணும் அதில் ஒரே வரியில் இருக்கும்.

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பொறியாளர்களுக்குப் பயிற்சிக்காக ஒரு கற்பனைச் சரிவை வரைந்து, அதன் அடியில் ஒரு வரிசை வீடுகளை வைத்து ஓட்டிக் காட்டினேன். மண்ணின் துள்ளல் எண் 0.30 ஆக இருந்தபோது கற்கள் எல்லாம் கொல்லைப்புறத்து வேலியோடு நின்றுவிட்டன. 0.35 என்று மாற்றினேன். சரிவும் கல்லும் அப்படியே இருக்க, சில கோடுகள் வேலியைத் தாண்டிப் பின்சுவரையும் தாண்டி, நாங்கள் சமையலறை என்று வரைந்திருந்த கட்டத்துக்குள் போய் முடிந்தன. “அப்போ எது சார் உண்மை?” என்று ஒரு பெண் கேட்டார். அந்தக் கேள்வியை உங்கள் ஆணையத்துக்கு அறிக்கை எழுதித் தரும் ஒவ்வொருவரிடமும் நீங்களும் கேட்க வேண்டும். பதில் கணினியில் கிடைக்காது, சரிவில்தான் கிடைக்கும். ஏற்கெனவே விழுந்த கல் எங்கே நின்றது, வழியில் தரையில் எங்கெங்கே குழி விட்டது, மரத்தில் பட்ட காயம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்து, மாதிரியில் ஓட்டினால் அதே குழியும் அதே காயமும் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் எண்களை மாற்ற வேண்டும். இப்படி ஒத்துப்பார்க்காத மாதிரி வண்ணப் படமே தவிரக் கணிப்பு ஆகாது. 2024 டிசம்பர் சரிவின் தடயங்கள் அளக்கப்பட்டிருந்தால் அந்த அளவுகளை வெளியிடுங்கள். ஒவ்வொரு பருவமழையும் அந்தத் தடயங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டே போகிறது.

மென்பொருள் இல்லாமலேயே ஒரு முதல் கோடு போடவும் முடியும். 1993இல் எவன்ஸ், ஹுங்கர் என்ற இருவர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உதிர்ந்த கற்குவியல்களை ஆராய்ந்தார்கள். பாறைமுகத்தின் அடியில் கற்குவியல் தொடங்கும் உச்சியிலிருந்து, மிகத் தொலைவில் போய் நின்ற கல்லுக்கு ஒரு கோடு இழுத்தால், அது கிடைமட்டத்தோடு செய்யும் கோணம் ஏறத்தாழ 27.5 பாகைக்குக் கீழே போவது அரிது என்று கண்டார்கள். உயரம் 100 மீட்டர் என்றால் கல் எட்டும் தூரம் சுமார் 190 மீட்டர். இதற்கு வேண்டியது கோணம் பார்க்கும் கருவியும் நீண்ட அளவுநாடாவும் நடக்கத் தயங்காத கால்களும்தான். கரடுமுரடான கோடு, சந்தேகமில்லை. ஆனால் இன்று வ.உ.சி. நகரில் குடியிருப்பவர் தன் வீடு கோட்டுக்கு இந்தப்பக்கமா அந்தப்பக்கமா என்று கேட்டால் காட்டுவதற்கு அதுகூட நம்மிடம் இல்லை. லட்சக்கணக்கில் செலவாகும் மாதிரி வரும்வரை இந்தக் கோடாவது அந்தத் தெருவில் இருக்கட்டும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு கணக்கு. அந்த வீட்டின்மேல் வந்து நின்ற பாறை 40 டன் இருக்கும் என்று அப்போது செய்திகளில் வந்தது. 40 டன் கல் விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் ஆற்றல் 8,000 கிலோ ஜூல். மண்ணோடு சேர்ந்து மெதுவாக, விநாடிக்கு வெறும் 5 மீட்டர் வேகத்தில் வந்தாலும் 500 கிலோ ஜூல். சுவிட்சர்லாந்தின் அபாய வரைபடங்களில் கல்லின் ஆற்றல் 300 கிலோ ஜூலைத் தாண்டுகிற இடம் சிவப்பு, அங்கே புது வீடு கட்டக் கூடாது. 30 முதல் 300 வரை நீலம், நிபந்தனையோடு கட்டலாம். அதற்கும் கீழே என்றால் மஞ்சள். எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் என்பதையும் சேர்த்துத்தான் வண்ணம் தீர்மானமாகிறது என்றாலும், 300 என்ற எல்லைக்கு ஒரு காரணம் உண்டு. வலுவூட்டிய கான்கிரீட் சுவர் தாங்கும் அளவு ஏறத்தாழ அதுதான். ஹாலோ பிளாக் சுவரும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையுமான வீட்டுக்கு 30கூட அதிகம். ஆகவே நம் ஊருக்கு வரைபடம் போடும்போது அந்த நாட்டு எல்லைகளை அப்படியே எடுத்து ஒட்டிவிடாதீர்கள். மலையடிவாரத்தில் என்ன மாதிரியான சுவர்கள் நிற்கின்றன என்பதும் மாதிரிக்குள் போக வேண்டிய தரவுதான்.

இப்போதிருக்கும் வரைபடங்கள் போதாதா என்று கேட்கலாம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2014 முதல் தேசிய அளவில் நிலச்சரிவு வாய்ப்பு வரைபடங்களைத் தயாரித்துவருகிறது. மதிக்கத்தக்க வேலை. ஆனால் அதன் அளவு 1:50,000. தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். பென்சில் கோட்டின் தடிமனுக்குள் ஒரு தெருவின் பெரும்பகுதி அடங்கிவிடும். மாவட்டத்தைப் பார்க்க அது உதவும், வீட்டைப் பார்க்க அல்ல. இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவும் பெரும்பாலும் 30 மீட்டர் கட்டத்தில் இருக்கிறது. அதில் ஐந்தாறு வீடுகளும் அவற்றின் பின்னால் நிற்கும் பாறையும் ஒரே கட்டத்துக்குள் விழுந்து ஒரே உயரமாகிவிடுகின்றன. அந்தத் தரவில் கல்லை உருட்டினால் கணினி மறுப்புச் சொல்லாது, அழகாக உருட்டிக் காட்டும். ஒரு மீட்டருக்கு மிகாத கட்டத்தில் தரவு வேண்டும். ட்ரோனில், லேசர் ஒளியால் தூரம் அளக்கும் லைடார் கருவியைக் கட்டிப் பறக்கவிட்டால் தழைகளின் இடைவெளி வழியாகவும் தரையை அளந்துவிடும்.

கொல்கத்தாவில் 2024 ஜூலையில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் தொடங்கப்பட்டிருக்கிறது. நீலகிரிக்கு அதற்கு முன்பிருந்தே சோதனை முறையில் மழைக்கால அறிக்கைகள் வந்துகொண்டிருந்தன. நல்லது. சமவெளியில் தனித்து நிற்கும் குன்றுகள் யார் கணக்கில் வருகின்றன? திருவண்ணாமலை, செஞ்சி, பழனி, சோளிங்கர், திருப்பரங்குன்றம். குன்றுதோறும் கோயில் கட்டிய நாடு இது. கோயிலைச் சுற்றி ஊர், ஊர் பெருக்கப் பெருக்க வீடுகள் சரிவில் ஏறுகின்றன. நிலச்சரிவு என்றாலே மலை மாவட்டம் என்று பழகிப்போன கண்ணுக்கு இந்தக் குன்றுகள் தெரிவதில்லை.

இன்னொரு விஷயத்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வ.உ.சி. நகரில் இறங்கியது தனிக் கல் அல்ல. நீரில் குழைந்த மண்ணும் அதோடு வந்த பாறையும். பாறை உருளல் மாதிரி, கல் தனியாகக் கிளம்பித் தனியாகத் துள்ளி வருவதாகத்தான் எடுத்துக்கொள்கிறது. மண்ணும் தண்ணீரும் கல்லும் கலந்து ஓடைவழியே பாய்வதற்குச் சமன்பாடுகளே வேறு, மென்பொருளிலும் அதற்குத் தனிப் பகுதி. முன்னதை மட்டும் ஓட்டிவிட்டு, இந்தத் தெருவுக்குக் கல் எட்டாது, ஆகவே ஆபத்தில்லை என்று ஓர் அறிக்கை வந்தால், அந்த அறிக்கையே ஆபத்து. பழைய ஓடைகள் எங்கே இருந்தன, எந்த ஓடையின் வாயில் வீடு முளைத்திருக்கிறது என்று பார்க்காமல் திருவண்ணாமலைக்கு எந்த மாதிரியும் முழுமையாகாது.

எப்போது விழும் என்ற கேள்விக்கு இந்த மாதிரிகள் பதில் சொல்வதில்லை. எங்கே, எவ்வளவு தூரம், எவ்வளவு வலுவாக என்பதோடு அவற்றின் வேலை முடிந்தது. எப்போது என்பதை அளவெடுத்துத்தான் அறிய வேண்டும். சுவிட்சர்லாந்தின் பிரியன்ஸ் கிராமத்துக்கு மேலே இருந்த பாறைப்பகுதி நகரும் வேகத்தை ரேடார் வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். 2023 மே மாதம் ஊரைக் காலிசெய்தார்கள். ஜூன் 15 இரவு பாறை இறங்கி, ஊரின் விளிம்புக்குச் சற்று முன்னால் நின்றது. நம் குன்றுகளில் இருப்பது நகர்ந்துகொண்டிருக்கும் பெரும் மலைப்பகுதி அல்ல, தனித்தனிக் கற்கள். அவற்றுக்கு ரேடாரைவிட மழைமானி முக்கியம்.

மழையின் அளவை வைத்து எச்சரிக்கலாம் என்ற எண்ணமும் பழையது. 1980இல் நெல் கெயின் என்ற புவியியலாளர் உலகெங்கும் நடந்த சரிவுகளைத் தொகுத்து ஒரு வரம்பைச் சொன்னார். அவருடைய சூத்திரத்தில் 24 மணி நேரத்தைப் போட்டால் ஏறத்தாழ 10 செ.மீ. மழை என்று வருகிறது. இதை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? வடகிழக்குப் பருவமழையில் ஒரு நாளில் 10 செ.மீ. என்பது எங்கள் பக்கம் செய்தித்தாளின் முதல் பக்கத்துக்குக்கூட வராத மழை. ஒவ்வோர் ஆண்டும் எச்சரிக்கை அடித்து, ஒவ்வோர் ஆண்டும் ஒன்றும் நடக்காமல் போய், நான்காவது ஆண்டில் யாரும் வீட்டை விட்டு வர மாட்டார்கள். வரம்பு அந்தந்த மலைக்கு அந்தந்த மலையின் மழையிலிருந்து எடுக்கப்பட வேண்டும். அன்றைய மழையை மட்டுமல்லாமல் முந்தைய பத்துப் பதினைந்து நாளில் மண் எவ்வளவு குடித்திருக்கிறது என்பதையும் சேர்த்து. அதற்கு மலைமேலேயே மழைமானி வேண்டும். ஊருக்குள் ஓர் அலுவலக மாடியில் இருப்பது போதாது.

இந்த வரம்பு கிடைத்தால் கம்பம் ஒன்று நடலாம். மூன்று நிலை போதும். முதலாவதில் மண் நனைந்துவிட்டது, கவனமாக இருங்கள் என்று பொருள். இரண்டாவதில், வரைபடத்தில் குறித்த வீடுகளில் இருப்பவர்கள் இரவு வேறிடத்தில் தூங்க வேண்டும். எந்தப் பள்ளி, எந்தக் கல்யாண மண்டபம் என்பது ஆடி மாதத்திலேயே முடிவாகி, சாவி யாரிடம் என்பதுவரை அந்தத் தெருவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது, கையில் கிடைத்ததோடு உடனே கிளம்புவதற்கு. இவை தவிர, எங்கள் துறைமுகத்தின் 11ஆம் எண்ணுக்கு இணையாக இன்னொன்றும் வேண்டும்: மழைமானி பழுது, தகவல் இல்லை, ஆகவே இரண்டாம் நிலை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டிஎன் அலர்ட் செயலியில் அறிவிப்பு அனுப்புவதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் புயல் இரவில் முதலில் மின்சாரம் போகும், அடுத்துக் கைபேசிக் கோபுரம் போகும். தானே புயலில் 2011 டிசம்பரில் இது எங்களுக்கு நன்றாகவே புரிந்தது.

கிரிவலம் போகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 14 கிலோமீட்டர் பாதையில் சரிவுக்கு மிக அருகே வரும் பகுதிகள் எவை என்று மாதிரியே காட்டிவிடும். 2024 கார்த்திகைத் தீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை என்று முடிவெடுத்தது சரி. பக்தர்கள் கூட்டம் ஆண்டில் சில நாள் இருந்துவிட்டுக் கலைகிறது. சரிவில் குடியிருப்பவர் 365 இரவும் அங்கேதான் தூங்குகிறார். ஆபத்தின் கணக்கில் இந்த வித்தியாசம் பெரியது. வெளியூரிலிருந்து கூட்டமாக வருகிற எங்களைக் காப்பதற்கு எடுக்கும் அக்கறை, அங்கேயே கிடக்கிற அவர்களுக்கும் வேண்டும்.

இங்கேதான் எனக்குப் பயமும் இருக்கிறது. வரைபடத்தில் சிவப்பு விழுந்த தெருவில் மறுவாரம் பொக்லைன் வந்து நிற்குமோ என்ற பயம். அப்படி ஒருமுறை நடந்தால் அடுத்த மலையில் அளவெடுக்கப் போகிற யாரையும் மக்கள் தெருவுக்குள்ளேயே விட மாட்டார்கள், அது நியாயமும்கூட. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2011 பிப்ரவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு, போர்ட் ஹில்ஸ் சரிவுகளில் பாறை விழுந்து ஒருவர் இறப்பதற்கான வாய்ப்பை வீடு வீடாகக் கணக்கிட்டார்கள். ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவைச் சுற்றி எல்லை வகுத்தார்கள். சிவப்புப் பகுதியில் விழுந்த வீடுகளை அரசு விலை கொடுத்து வாங்கிக்கொண்டது. நமக்குப் பட்டாவும் புறம்போக்கும் கலந்த சிக்கல் இருக்கிறது, அதே முறை அப்படியே பொருந்தாது. ஆனால் வரிசை முக்கியம்: முதலில் நடந்து போகும் தூரத்தில் மாற்று வீடு, பிறகு காலிசெய்யச் சொல்லும் கடிதம். மலையடிவாரத்தில் வீடு கட்டியவர் காற்று வாங்குவதற்காக அங்கே போகவில்லை. கோயில் வாசலில் பூ கட்டவும் ஹோட்டலில் பாத்திரம் தேய்க்கவும் விடியற்காலையில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் அவருக்குக் கட்டுப்படியான மனை அது ஒன்றுதான். ஊருக்கு வெளியே 15 கிலோமீட்டரில் அடுக்குமாடி கட்டிக் கொடுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்பிவிடுவார்.

அறிக்கை வெளியாகும்போது கூடவே என்னென்ன வர வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்தத் துள்ளல் எண், எந்தக் கல் அளவு, எத்தனை தடவை உருட்டிப் பார்த்தது, எந்தப் பகுதியில் தரவே இல்லை. தரவில்லாத பகுதியை வெள்ளையாக விடாதீர்கள். வெள்ளை என்றால் பாதுகாப்பு என்றுதான் எல்லோரும் படிப்பார்கள். அதற்கென்று ஒரு நிறம் கொடுங்கள். அறிக்கையைச் சரிபார்க்க வேறொரு குழுவிடம் அதே தரவைக் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். இரண்டு விடையும் வேறுபட்டால் அந்த வேறுபாட்டையும் வெளியிடுங்கள். மனை விலை விழும், மக்கள் பீதியடைவார்கள் என்று யாராவது குறுக்கே வருவார்கள். கடலூரில் ஆண்டுதோறும் கூண்டு ஏறுகிறது. பீதியடைந்து ஊரைக் காலிசெய்துவிட்டு நாங்கள் ஓடிவிடவில்லை.

கடைசியாக, வேலையைத் தொடங்குவதற்கு நிதி ஒதுக்கீடு வரை காத்திருக்க வேண்டாம். எந்த மாதிரிக்கும் முதலில் வேண்டியது கற்களின் கணக்கு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் புதுவைப் பல்கலைக்கழகத்திலும் புவி அறிவியல் துறைகள் இருக்கின்றன. புதுச்சேரியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் வரைபட வேலையில் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். வெயில் நாளில் மாணவர்களை அனுப்பி, வீடுகளுக்கு மேலே இருக்கும் ஒவ்வொரு பெரிய கல்லுக்கும் பெயின்ட்டில் ஓர் எண் போடச் சொல்லலாம். நீளம், அகலம், உயரம், எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது, கீழ்ப்பக்க மண் எவ்வளவு அரித்திருக்கிறது, பிளவு இருந்தால் அதன் இருபுறமும் ஆணி அடித்து இடைவெளி எத்தனை மில்லிமீட்டர். அடுத்த மழைக்குப் பிறகு அதே ஆணிகளுக்கு நடுவே மறுபடி அளந்தால் கல் நகர்ந்ததா என்று தெரிந்துவிடும். சரிவுக் கணக்குத் தெரிந்த எங்களைப் போன்றவர்கள் சம்பளம் கேட்காமல் கூடவே வருவோம், வழிச்செலவுக்குப் பௌர்ணமி பஸ் இருக்கிறது. எங்களுக்குத் தேவை இரண்டே காகிதங்கள்: மலைமேல் ஏறி அளக்க வனத்துறையின் அனுமதி, அளந்த விவரத்தை வெளியிடலாம் என்ற உங்கள் எழுத்துப்பூர்வமான ஒப்புதல். ஆவணி பிறப்பதற்குள் இரண்டும் கிடைத்தால், ஐப்பசி மழைக்கு முன் வ.உ.சி. நகருக்கு மேலே உள்ள கற்களின் பட்டியலை உங்கள் மேசைக்கு அனுப்பிவிட முடியும்.

இப்படிக்கு,
கடலூர் முதுநகரிலிருந்து ஒரு கட்டுமானப் பொறியாளர்